யாருடைய அளவுகோல்? வட்டுக்கோட்டை செமினரியும் உயர்கல்வித் தர மதிப்பீட்டின் வரலாறும்

உயர்கல்வி நிறுவனங்களின் ‘சேவைத்தரம்’ பற்றிய ஆய்வுகள் கடந்த நாற்பது ஆண்டுகளுள் மிகப் பெருகியுள்ளன. மாணவரிடம் வினாக்கொத்துகள் வழங்கப்படுகின்றன. விடைகள் எண்களாக மாற்றப்படுகின்றன. அவ்வெண்களைக் கொண்டு நிறுவனங்கள் ஒப்பிடப்பட்டு வரிசைப்படுத்தப்படுகின்றன. முகாமைத்துவ நூல்கள் இம்முறையினை அண்மைக்காலத்தே தோன்றிய, சார்பற்ற அளவீட்டு நுட்பமாகவே அறிமுகஞ் செய்வது வழக்கம். ஆயின் உயர்கல்வி நிறுவனமொன்றினை அதன் விளைபயன் கொண்டு அளந்து, பிறவற்றோடு ஒப்பிட்டுத் தீர்ப்பு வழங்கும் வழக்கம் எமது மண்ணிலேயே நூற்றறுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைமை உடையது. 1855ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டை செமினரி அத்தகைய மதிப்பீடொன்றின் விளைவாக மூடப்பட்டது. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்னதாக, அதே நிறுவனம் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு வைத்தெண்ணத் தக்கதென இலங்கை அரசாங்கத்தின் உயர் அதிகாரியொருவரால் அச்சிலே பாராட்டப்பட்டிருந்தது. இடைப்பட்ட காலத்திற் கற்பித்தல் சீர்கெட்டுவிட்டது என்று எவருங் குற்றஞ்சாட்டினாரல்லர். பின்னர் இருவேறு தீர்ப்புகள் எவ்வாறு தோன்றின? அளக்கப்பட்டதிலும் பார்க்க அளந்தோரையே நாம் முதற்கண் ஆராய வேண்டியுள்ளது.

செமினரியின் தோற்றத்தைச் சுருக்கமாக நினைவுகூர்தல் போதும். அமெரிக்க மிசனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தனர். 1823இல் தமிழ் இளைஞர்க்கான கல்லூரித் திட்டமொன்றை வெளியிட்டு, டானியல் பூவர் அவர்களை அதிபராகக் கொண்டு வட்டுக்கோட்டையிலே உயர்கல்வியைத் தொடங்கினர். ஆங்கிலேய தேசாதிபதி எட்வேட் பான்ஸ் 1820 முதல் புதிய அமெரிக்க மிசனரிமாரின் வருகைக்குத் தடை விதித்திருந்தார். அத்தடை 1833 வரை நீங்கவில்லை. அத்தகைய சூழலிற் கல்லூரிக்குரிய சாசனம் கிட்டவில்லை; செமினரி என்ற பெயரே நிலைத்தது. பெயர் எதுவாயினும், ஆங்கிலம், தமிழிலக்கியம், சமஸ்கிருதம், கணிதம், வானியல், இயற்கைத் தத்துவம் ஆகியன அங்கு பாடங்களாக அமைந்தன. தமிழும் மேனாட்டு விஞ்ஞானமும் ஒரே கூரையின் கீழ் முறைப்படி பயிலப்பட்ட இடங்கள் அக்காலத் தமிழுலகில் மிகச் சிலவே.

இப்பாடத்திட்டத்தைக் கண்டு வியப்போர் அதன் நோக்கத்தை மறந்துவிடுதல் கூடாது. வானியல் அங்கு போதிக்கப்பட்டமை வானியலுக்காக மட்டுமன்று. புராணங் கூறும் பிரபஞ்ச அமைப்பு பொய்யெனக் காட்டப்பட்டால் அதன்மேல் நிற்கும் சமயமுந் தானே சரியும் என்று பூவர் முதலியோர் நம்பினர். அவருக்குப் பின் அதிபராயிருந்த ஹென்றி ஹொய்சிங்ரன் 1848இல் வெளியிட்ட சோதிட நூலும் அந்நம்பிக்கையின் வழிப்பட்டதே. எனினும் வரலாறு மிசனரிமாரின் எண்ணப்படி மட்டும் இயங்கவில்லை. அதே ஹொய்சிங்ரன் சைவசித்தாந்த சாத்திரங்களைக் கற்று, சிவஞானபோதத்தை ஆங்கிலத்திற் பெயர்த்து, 1854இல் அமெரிக்கக் கீழைத்தேயச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியிட்டார். தகர்ப்பதற்கெனக் கற்றதை உலகறியச் செய்தவரும் அவரே. நிறுவனமொன்றின் பிரகடனப்படுத்தப்பட்ட நோக்கத்துக்கும் அதன் சமூக விளைவுக்கும் இடையிலான இவ்வேறுபாடு பின்னர் நாம் கூறவிருப்பவற்றுக்கு இன்றியமையாதது.

செமினரியின் பொருளாதார அடிப்படையை நோக்குமிடத்து, அதற்குப் பணம் கொடுத்தோர் யாழ்ப்பாணத்தவரல்லர் என்பது முதலிலே புலப்படும். 1810இல் நிறுவப்பட்ட அமெரிக்க மிசன் சபை பொஸ்டன் நகரிலிருந்து நிதியனுப்பியது. அச்சபையின் நிதியோ புதிய இங்கிலாந்துப் பகுதியின் சிற்றூர்ச் சபைகளிலும் வணிகர் இல்லங்களிலும் திரட்டப்பட்டது. மாணவனொருவனின் ஆண்டுச் செலவை ஏற்போர் தாம் விரும்பிய பெயரை அவனுக்குச் சூட்டலாம். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளை, கறல் விசுவநாதபிள்ளை என எமது இலக்கிய வரலாற்றில் வழங்கும் பெயர்களின் முற்பகுதி இவ்வழக்கத்தை நினைவூட்டுவது. கொடையாளருக்கு அறிக்கை அனுப்பப்படும். மிசன் சபையின் சஞ்சிகையில் மாணவரின் முன்னேற்றம் அச்சாகும். இன்றைய முகாமைத்துவச் சொல்லிற் கூறுவதாயின், ‘வாடிக்கையாளர்’ பொஸ்டனில் இருந்தார். வட்டுக்கோட்டை மாணவன் அவருக்குக் காட்டப்படும் விளைபொருளாயிருந்தான். 1837இல் அமெரிக்காவிற் பருத்தி விலை வீழ்ந்து வங்கிகள் முறிந்தபோது மிசன் சபை செலவைக் குறைக்குமாறு பணித்தது. யாழ்ப்பாணக் கிராமங்களில் மிசன் பாடசாலைகள் மூடப்பட்டன. மிசிசிப்பிக் கரையில் அடிமைகள் உழைத்து விளைத்த பருத்தியின் விலையும் எமது கிராமத்துத் திண்ணைப் பிள்ளையின் ஏடும் எழுத்தாணியும் அன்றே ஒரே சந்தையிற் பிணைக்கப்பட்டிருந்தன.

இனி மதிப்பீடுகளுக்கு வருவோம். முதலாவது, குடியேற்ற அரசின் மதிப்பீடு. 1845 முதல் 1850 வரை இலங்கையின் குடியேற்றச் செயலாளராயிருந்த எமேர்சன் ரெனன்ற் 1850இல் இலங்கையிற் கிறித்துவம் பற்றி எழுதிய நூலிலே செமினரி மாணவரின் அறிவை மிக உயர்த்திப் பேசினார். ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களோடு அதனை ஒப்பிட்டவர் அவரே. அவரது வியப்பு உண்மையானதென்பதை ஐயுற நாம் விரும்பவில்லை. ஆயின் எத்தகைய அரசு அவ்வாறு வியந்தது என்பதும் கவனிக்கத்தக்கது. 1830களின் தொடக்கத்திற் கோல்புறூக் ஆணைக்குழுவினர் இராசகாரியத்தை ஒழிக்கவும் ஆங்கிலக் கல்வியைப் பரப்பவும் பரிந்துரைத்தமை ஒரே பொருளாதார மாற்றத்தின் இரு முகங்கள். கோப்பித் தோட்டம் பெருகப் பெருக, காணியளக்கவும் கணக்கெழுதவும் நீதிமன்றிலே மொழிபெயர்க்கவும் ஆங்கிலமறிந்த சுதேச ஊழியர் வேண்டப்பட்டனர். இங்கிலாந்திலிருந்து எழுதுநரை இறக்குமதி செய்வதாயின் செலவு பன்மடங்காகும். செமினரியோ அரசுக்குப் பெருஞ் செலவின்றி அத்தகையோரை உருவாக்கியது. அந்த அளவுகோலின்படி அது சிறந்த நிறுவனமே.

இரண்டாவது மதிப்பீடு எந்நூலிலும் எழுதப்படவில்லை; பெற்றோர் தம் பிள்ளைகளை அனுப்பியமையே அதற்குச் சான்று. துண்டுதுண்டாகிவரும் காணி, மழையை நம்பிய நெல், உழைப்பை விழுங்கும் புகையிலைச் செய்கை ஆகியவற்றிடையே வாழ்ந்த யாழ்ப்பாணத்து நடுத்தர விவசாயக் குடும்பங்களுக்கு ஆங்கிலக் கல்வி மற்றொரு விளைநிலமாகத் தோன்றிற்று. கொழும்புக்கும் சென்னைக்கும் மாதச் சம்பளத்துக்குச் சென்றவன் வீட்டுக்கனுப்பிய பணம் காணியாகவும் சீதனமாகவும் மாறியது. ஞானஸ்நானம் பெறுதல் அக்கல்விக்குச் செலுத்தும் விலையாகச் சிலருக்குப் பட்டது. வேலை கிடைத்தபின் விபூதி பூசியோர் பலர். சமய வரலாற்றாசிரியர்கள் இதனை நம்பிக்கைத் துரோகமெனவோ சைவத்தின் வெற்றியெனவோ எழுதுவர். நாம் இதனை ஒரு வர்க்கம் தன் தேவையை நன்குணர்ந்து நடந்துகொண்டமையாகவே காண்கிறோம்.

மூன்றாவது மதிப்பீடே செமினரியின் விதியை முடித்தது. மிசன் சபையின் செயலாளர் ரூபஸ் அன்டேர்சனும் அவரோடு வந்த ஓகஸ்டஸ் தொம்சனும் 1854-55இல் இந்தியாவிலும் இலங்கையிலும் இருந்த தமது மிசன்களைப் பார்வையிட்டனர். மராத்தி மிசன், மதுரை மிசன், யாழ்ப்பாண மிசன் ஆகிய அனைத்தும் ஒரே அளவுகோலாற் சோதிக்கப்பட்டன. ஒப்பீட்டு மதிப்பீடு என இன்று நாம் அழைப்பதன் முழு வடிவத்தையும் இப்பயணத்திற் காணலாம். தூரதேயத்திலிருந்து வந்த குழு, ஒரே வகையான வினாக்கள், தலைமையகத்துக்கு அறிக்கை, அதன்மேல் நிதி பற்றிய முடிவு என எதுவுங் குறையவில்லை. வினாக்கள் தெளிவானவை. கற்றோருள் எத்தனை பேர் போதகராயினர்? கற்றுக்கொண்டிருப்போருள் எத்தனை பேர் சபையின் உறுப்பினர்? ஆங்கிலங் கற்றவன் கிராமச் சபையொன்று கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு ஊழியஞ் செய்வானா? விடைகள் செமினரிக்குப் பாதகமாயின. மாணவரிற் பெரும்பாலோர் அரசாங்க உத்தியோகத்தை நாடினர், போதகராயினோர் சிலரே. ரெனன்ற் எதனைச் சிறப்பாகக் கண்டாரோ அதனையே அன்டேர்சன் குற்றமாகக் கண்டார். செமினரி மூடப்பட்டது. உடுவில் மகளிர் விடுதிப் பாடசாலையிலும் ஆங்கிலம் நிறுத்தப்பட்டது. மதுரை, மராத்தி மிசன்களிலும் ஆங்கிலக் கல்வி இதே நோக்கிற் குறுக்கப்பட்டது.

இவ்விடத்திற் சற்றுத் தரித்துச் செல்ல வேண்டும். அன்டேர்சனின் முடிவு தாய்மொழிக் கல்விக்கு ஆதரவானது. சுதேச சபைகள் தம்மைத் தாமே தாங்கி, தாமே ஆண்டு, தாமே பரப்புதல் வேண்டுமென்பது அவரது கொள்கை. அதற்கு ஊழியர் மக்கள் மொழியிலேயே பயிலுதல் வேண்டும் என்றார். 1859இல் வட்டுக்கோட்டையிலே தமிழில் நடத்தப்பட்ட பயிற்சி நிறுவனம் தொடங்கப்பட்டது. தாய்மொழிக் கல்விக்காக வாதாடிவரும் எம்மனோர் இதனை வரவேற்க வேண்டுமல்லவா? அவ்வாறு எளிதிற் கூற முடியாது. அன்டேர்சன் வேண்டிய தமிழ்க் கல்வி, விஞ்ஞானத்தையும் தத்துவத்தையும் தமிழிலே வளர்க்கும் கல்வியன்று. கற்றவன் கிராமத்தை விட்டு நீங்காதிருக்கவும் அவனது உழைப்பின் விலை ஏறாதிருக்கவும் போதுமான கல்வி. மொழியொன்றை உயர்த்துவதற்கும் அம்மொழி பேசுவோரை மலிவாக வைத்திருப்பதற்கும் ஒரே கோரிக்கை பயன்படலாம் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகின்றது. இதற்கு மறுதலையாக, மானிப்பாயிலே வைத்தியம் போதித்த சாமுவேல் கிறீன் 1860களில் தமிழையே போதனா மொழியாக்கி, வைத்திய நூல்களைத் தமிழிற் பெயர்த்து, கலைச்சொற்களையும் ஆக்கினார். அதுவும் தாய்மொழிக் கல்வியே. ஆயினும் அறிவின் அளவு அங்கு குறைக்கப்படவில்லை. அறிக்கையின் கட்டங்களுக்குள் இவ்விரண்டும் ‘தமிழ் மூலம்’ என ஒன்றாகவே தோன்றும்.

மூன்று மதிப்பீட்டினருங் காணாத விளைவுகளை இனி எண்ணிப் பார்க்கலாம். 1841இல் உதயதாரகைப் பத்திரிகையைத் தொடங்கிய ஹென்றி மாட்டினும் சேத் பேசனும் செமினரியிற் கற்றோர். சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் நிறுவப்பட்டதும் அதன் முதற் பட்டதாரிகளாக வெளிவந்த கறல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் வட்டுக்கோட்டையின் மாணவர். அந்நிறுவனம் தோல்வியெனத் தீர்க்கப்பட்ட சூடு ஆறுமுன்னரே இது நிகழ்ந்தது. தாமோதரம்பிள்ளை வீரசோழியத்தை 1881இலும், தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும், கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். ஆர்னல்ட் சதாசிவம்பிள்ளையின் பாவலர் சரித்திர தீபகம் 1886இல் வெளிவந்தது. ஏடுகளை ஒப்புநோக்கிப் பாடந்தீர்க்கும் முறைமை, புலவர் வரலாற்றை ஆதாரங்காட்டி எழுதும் பழக்கம், வசனநடையின் கட்டுக்கோப்பு ஆகியவை வளர்வதில் மரபுவழித் தமிழ்க்கல்வியும் செமினரிக் கல்வியும் சந்தித்துக்கொண்டன. எதிர்நிலையாகவும் அதன் விளைவு உண்டு. 1848இல் ஆறுமுக நாவலர் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியபோது மிசன் கல்விக்கு மாற்றாகவே தொடங்கினார். ஆயின் வகுப்புமுறை, அச்சுப் பாடநூல் என்பவற்றை எதிர்ப்பக்கத்திலிருந்தே பெற்றார். 1855இல் எந்தக் குழுவின் கணக்கேட்டிலும் இவற்றுக்கு இடமிருக்க முடியாது. உயர்கல்வியின் பயன் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும், எதிர்பாராத இடத்திலும், சிலவேளை எதிரியின் கையிலும் வெளிப்படுவது.

இதனைக் கொண்டு செமினரியைத் ‘தமிழரின் முதற் பல்கலைக்கழகம்’ எனப் போற்றிப் பாடுவோரோடு சேர்ந்துகொள்ளவும் நாம் தயாராக இல்லை. மாணவரிற் பெரும்பாலோர் வேளாளர். ஒடுக்கப்பட்ட சாதியினரின் பிள்ளைகள் அக்கல்வியின் உயர்படியை எட்டுதல் அரிதாயிருந்தது. பெண்களுக்கு உடுவிலோடு எல்லை. ரெனன்றோ அன்டேர்சனோ பெற்றோரோ இவ்வின்மையைப் பெருங் குறையாகக் கொண்டிலர். உள்ளே இருப்போரின் நிறைவை எவ்வளவு நுட்பமாக அளந்தாலும் வெளியே நிறுத்தப்பட்டோர் அக்கணக்கில் வாரார். எமது பழம்பெருமைக் கட்டுரைகள் பலவும் இவ்விடயத்திற் காக்கும் மௌனம் கற்றறிந்தோரின் மௌனமாயிருப்பது வருந்தத்தக்கது.

1855க்குப் பின் அளவீடு அரசின் கைக்கு மாறிற்று. 1862இல் இங்கிலாந்தில் ரொபேட் லோ புகுத்திய ‘பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு’ முறை 1870 அளவில் இலங்கைப் பாடசாலைகளின் நன்கொடையிலும் இடம்பெற்றது. வட்டுக்கோட்டையிலே 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தபோது, பழைய மாணவரின் முயற்சியும் உள்ளூர்ப் பணமும் அதில் கலந்திருந்தன. உயர்கல்வியில் இலண்டன் பரீட்சையே நெடுங்காலம் இறுதி அளவுகோலாயிற்று. 1921இல் தொடங்கிய கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரை இலண்டன் பட்டத்துக்கே மாணவரை ஆயத்தஞ் செய்தது. இவ்வளவு கூறி மேலே செல்வோம்.

‘சேவைத்தரம்’ என்னும் இன்றைய எண்ணக்கருவின் பிறப்பிடம் கல்வித்துறையன்று. 1985இல் பரசுராமன், சைத்தாமல், பெரி என்னும் மூவர் அமெரிக்கச் சந்தைப்படுத்தற் சஞ்சிகையொன்றில் அதன் மாதிரியுருவை வெளியிட்டனர். அவர்கள் ஆராய்ந்தவை சில்லறை வங்கிச்சேவை, கடன் அட்டை, பங்குத்தரகு, பொருட்களைப் பழுதுபார்த்தல் ஆகியனவே. 1988இல் அது ‘சேர்வ்குவால்’ என்ற பெயரில் 22 கூற்றுகளைக் கொண்ட அளவுகோலாயிற்று. புறவசதி, நம்பகம், விரைந்து துலங்கல், உறுதிப்பாடு, பரிவு என்பன அதன் ஐந்து கூறுகள். பெறுநர் எதிர்பார்த்ததற்கு ஒரு புள்ளி. பெற்றதாக உணர்ந்ததற்கு ஒரு புள்ளி. பின்னதிலிருந்து முன்னதைக் கழிக்க வருவதே தரம். 1992இல் குறோனினும் ரெயிலரும் எதிர்பார்ப்பைக் கழிக்கும் முறையைக் கண்டித்து, உணரப்பட்ட செயற்பாட்டை மட்டும் அளக்கலாமென்றனர். மலேசியாவிலே பிர்தௌஸ் அப்துல்லா உயர்கல்விக்கெனத் தனி அளவுகோல் வகுத்தார். இவை முறையியற் திருத்தங்கள். மாணவன் வாடிக்கையாளன் என்ற அடிப்படை எடுகோளை இவை தொடவில்லை.

அக்கழித்தற் கணக்கினுள்ளே ஒரு வர்க்க உண்மை மறைந்துள்ளது. எதிர்பார்ப்பு வானத்திலிருந்து விழுவதில்லை. அது வாழ்நிலையால் உருவாக்கப்படுவது. மலையகத்து லயன் அறையிலிருந்தோ வன்னியின் பின்தங்கிய கிராமத்திலிருந்தோ தன் குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் புகும் மாணவி, எட்டுப் பேர் படுக்கும் விடுதியறையையும் தமிழ்நூல் அருகிய நூலகத்தையுங் கண்டு நிறைவடையக்கூடும். கொழும்பின் வசதிமிக்க பாடசாலையிலிருந்து வருபவனுக்கு அதே விடுதி பெருங் குறையாகத் தோன்றும். கணக்கின்படி முன்னவளின் பல்கலைக்கழகம் தரமானது; பின்னவனுடையது தரங்குறைந்தது. பல தலைமுறைகளாக மறுக்கப்பட்டோரின் குறைந்த எதிர்பார்ப்பே நிறுவனத்தின் புள்ளியை உயர்த்திவிடுகின்றது. போதாக்குறைக்கு, கற்பித்தல் சிலவேளை மாணவரை நிறைவுறச் செய்யாமலே பயன்தருவது. சாதி பற்றியும் சீதனம் பற்றியும் வீட்டிலே கற்றதை விரிவுரை மண்டபத்தில் ஐயுற நேரும் மாணவன் அன்றைய வினாக்கொத்தில் உயர்புள்ளி வழங்குவான் என்பதற்கு உத்தரவாதமில்லை.

உலகத் தரவரிசைகள் இன்னொரு வகையின. 2003இல் சாங்காய் நகரிலிருந்து வெளிவரத் தொடங்கிய பட்டியல், நோபல் பரிசு பெற்றோரின் எண்ணிக்கையையும் பெயர்பெற்ற இரு ஆங்கில விஞ்ஞான சஞ்சிகைகளில் வெளிவந்த கட்டுரைகளையும் புள்ளியாக்கியது. 2004இல் இலண்டனிலிருந்து பிறிதொரு பட்டியல் வந்தது. அத்தகைய அட்டவணையிற் கலித்தொகைப் பதிப்பு ஒன்றுக்கு எத்தனை புள்ளி? தமிழில் எழுதப்படும் ஆய்வு அந்த அளவுகோலுக்கு நிகழாத செயல். 1995இல் நடைமுறைக்கு வந்த சேவைகள் வர்த்தக ஒப்பந்தம் கல்வியை விற்றுவாங்கத்தக்க சேவைகளுள் ஒன்றாக வகைப்படுத்தியது. இலங்கையில் 2003இல் உலக வங்கியின் உதவியோடு பட்டப்படிப்பின் பொருத்தப்பாட்டையும் தரத்தையும் மேம்படுத்துந் திட்டம் தொடங்கியது. தர உறுதிப்பாட்டு மீளாய்வுகள் அக்காலந்தொட்டுப் பல்கலைக்கழக வாழ்வின் பகுதியாயின. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் வந்த இலவசக் கல்வி, சட்டத்தால் இன்னும் நிற்கின்றது. ஆயின் இலவசமாகக் கற்பவனை ‘வாடிக்கையாளன்’ என அழைக்கப் பழகிய நாவுக்கு, கட்டணம் வாங்குதல் இயல்பான அடுத்த படியாகத் தோன்றும்.

மதிப்பீடே வேண்டாமென நாம் வாதிக்கவில்லை. விரிவுரைக்கு வாராத விரிவுரையாளர், பத்தாண்டுக்கு மேல் மாறாத குறிப்புகள், காலந்தாழ்த்தி வெளிவரும் பெறுபேறுகள், குடிநீரற்ற விடுதி ஆகியவற்றைப் பற்றி மாணவர் கேள்வியெழுப்புதல் அவர்தம் உரிமை. அவ்வுரிமையைச் ‘சந்தைச் சிந்தனை’ என்று தட்டிக்கழிக்கும் பேராசிரியர் சிலரின் இடதுசாரிப் பேச்சு எமக்கு உடன்பாடன்று. உழைக்கும் மக்களின் வரியாற் சம்பளம் பெறுவோர் அம்மக்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவரே. கேள்வி யாதெனின், எவருக்குக் காட்டும் கணக்கு என்பதே. எமது பல்கலைக்கழகங்களை ஒப்பிட விரும்புவோர், எந்த மாவட்டத்திலிருந்து எவரின் பிள்ளைகள் வந்தனர், எவர் இடையில் விலகினர், விலகியமைக்குக் காரணம் பணமா பகிடிவதையா என்பதைப் பதியட்டும். துறையொன்று ஆக்கிய கலைச்சொற்களும் பாடநூல்களும் பாடசாலை வகுப்பறைகளை எட்டினவா என்று அந்த ஆசிரியரிடமே கேட்கட்டும். விடுதிச் சமையற்காரரும் ஆய்வுகூட ஊழியரும் துப்புரவுத் தொழிலாளரும் நிறுவனத்தைப் பற்றிக் கூறுவதற்கும் அறிக்கையில் ஓர் அத்தியாயம் இருக்கட்டும். 22 கூற்றுகளுள் அவர்கள் ‘புறவசதி’யின் பகுதியாக மட்டுமே வருகின்றனர்.

1974இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கியபோது அதன் விஞ்ஞான பீடம் வட்டுக்கோட்டையிலேயே, யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டப்படிப்புப் பிரிவு இயங்கிய கட்டடங்களிற் சில ஆண்டுகள் நடைபெற்றது. இன்று மீளாய்வுக் குழுக்களுக்கு எமது பீடங்கள் சமர்ப்பிக்கும் சுயமதிப்பீட்டு அறிக்கைகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தமிழ்த்துறையிற் கற்கும் மாணவன் தன் துறையைப் பற்றிய தீர்ப்பைத் தன் மொழியில் வாசிக்கும் வாய்ப்பு இன்னும் அரிதாகவே உள்ளது.